பள்ளியும் கூடமும்

பள்ளிக்கூடம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் படித்தவர்களுக்கு என்றாவது ஒருநாள் வந்துவிடும். பள்ளி என்றால் படுக்கை, உறங்கும் இடம், சமணத் துறவியர் தங்கிய இடம். அவர்கள் தங்கிய இடத்திலேயே கற்பித்தலும் நடந்ததால் கல்வி நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது நாங்கள் வகுப்பில் சொல்லும் விளக்கம். கூடத்துக்கு அப்படி விளக்கம் எதுவும் தேவையில்லை. தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகளில் பிறந்தவர்களுக்கும் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் அது தெரிந்ததுதான். முற்றத்தை ஒட்டி நீளும் இடம். பெண் பார்க்க வருகிறவர்கள் உட்கார்வதும் அங்கேதான், இறந்தவரைக் கிடத்துவதும் அங்கேதான். 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளும் ஒன்றாகவே இருந்தன. ஏழு பிள்ளைகள் கூடத்தில் படித்தார்கள். இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள்.

ஊரடங்கைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை மாநகரத்து அடுக்ககங்களிலிருந்து எழுதப்பட்டவை. மூன்று பேர் அல்லது நான்கு பேர், ஒரு பலகணி, கைதட்டல், தனிமை. பெரிய குடும்பத்தின் ஊரடங்கு வேறு சாதி. அங்கே தனிமை என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத பண்டம். அந்த வீட்டில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், யார் படிப்பித்தார்கள், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் வெகுநாட்களாக இருந்து வந்தது.

எங்கள் ஊர் கும்பகோணத்தை ஒட்டி, அரசலாற்றங்கரையில் இருக்கிறது. வீட்டில் மாமனார், மாமியார், மாமனாரின் தமக்கை என்று முதியவர்கள் மூவர். மாமனாரின் தமக்கையைப் பிள்ளைகள் மட்டுமல்லாது வீடு முழுவதுமே அத்தைப்பாட்டி என்றுதான் அழைக்கும். அண்ணன் தம்பி மூவர், அவர்கள் மனைவியர் மூவர். இவர்களில் நான் நடுவில் உள்ளவரின் மனைவி. மூத்தார் வயலைப் பார்த்துக்கொள்கிறார். என் கணவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. கொழுந்தனாருக்குக் கும்பகோணத்தில் சிறிய பாத்திரக்கடை. பின்னலாடை நிறுவனங்கள் மூடியதும் திருப்பூரிலிருந்து நாத்தனார் மகனோடு வந்து சேர்ந்தார். ஆகப் பெரியவர்கள் பத்துப் பேர், பிள்ளைகள் ஏழு பேர். மூத்தாரின் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கொழுந்தனாரின் மகள் மழலையர் வகுப்பில் இருந்தாள். மற்ற ஐவரும் இந்த இருவருக்கும் இடைப்பட்டவர்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. 24ஆம் தேதி இரவு பிரதமர் அறிவித்த நாடு தழுவிய ஊரடங்கு மறுநாள் தொடங்கியது. மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1க்குத் தள்ளிப்போயிற்று, பிறகு ஜூன் 15க்கு. ஜூன் 9 அன்று தேர்வே இல்லை என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு என்று கணக்கிட்டு அனைவரும் தேர்ச்சி. மூன்று மாதமாக விடிகாலையில் எழுந்து படித்த பெண் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, கொல்லைக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். மகிழ்ச்சியா வருத்தமா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் அடுக்களைக்கு உரியவளாகிவிட்டாள் என்பது மட்டும் சில நாட்களில் விளங்கியது.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைப்பதை ஒரு கொள்கையாகக் கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1977இல் அதற்கென்று ஓர் இதழே தொடங்கினார். பள்ளியின் அச்சத்திலிருந்து குழந்தையை விடுவித்தால் அது தானாகக் கற்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கருத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் தேர்ந்து எடுத்த வழி அது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. உள்ளே பதினேழு பேர். அவர்களிடம் இருந்தவை நான்கு திறன்பேசிகள்.

அந்த நான்கில் ஒன்று என்னுடையது. அதில் என் கல்லூரி வகுப்புகள் நடந்தன. இன்னொன்று கணவரோடு சங்கத்துக்குப் போய்விடும். எஞ்சிய இரண்டில் ஏழு பிள்ளைகள். தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு நாள்தோறும் இணைய வகுப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 ஜூலையிலிருந்து கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள். இங்கேயும் ஒரு சிக்கல்: தொலைக்காட்சி ஒன்றுதான், அதில் மாமனாருக்குச் செய்தி வேண்டும், மாமியாருக்குத் தொடர் வேண்டும். ஏழாம் வகுப்புப் பாடம் ஓடும் நேரத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் திறன்பேசியில் வகுப்பு இருக்கும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போகும்.

இந்த நெருக்கடியிலிருந்துதான் கூடத்துப் பள்ளி பிறந்தது. திட்டமிட்டு யாரும் தொடங்கியதல்ல. கொழுந்தனாரின் மனைவி தன் மகனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். பக்கத்தில் என் மகள் வந்து உட்கார்ந்தாள். நாத்தனார் மகன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தான். பத்து நாட்களில் காலை ஒன்பது மணி என்றால் கூடத்தில் பாய் விரிந்துவிடும் என்றாயிற்று. எங்கள் மூத்த பிள்ளைகளுக்கு அவர் சித்தி, நாத்தனார் மகனுக்கு அத்தை, தன் பிள்ளைகளுக்கு அம்மா. ஒரே வகுப்பில் ஆசிரியருக்கு மூன்று பெயர். இந்தக் குழப்பத்தை மழலையர் வகுப்புக்காரிதான் தீர்த்தாள். ஒன்பது மணிக்குமேல் எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் நான்கு தட்டு. மணி அடித்துவிட்டால் அவர் மறுபடி சித்தியாகி அடுக்களைக்குப் போய்விடுவார்.

சித்தி 2008இல் பிளஸ் டூ முடித்தவர். 1200க்கு 1042 மதிப்பெண். அடுத்த தை மாதம் திருமணம். இந்த எண்ணை இந்த வீட்டில் நான் அறிந்தவரை அதற்கு முன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் பின்னங்கள் பாடத்தின்போது என் மகன், எட்டாம் வகுப்புக்காரன், ‘சித்தி, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?’ என்று கேட்டான். கேலியாக அல்ல, உண்மையான வியப்பில். அப்போதுதான் அவர் அந்த எண்ணைச் சொன்னார்.

பின்னம் என்றதும் அத்தைப்பாட்டியின் நினைவு வருகிறது. அப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயது. அவருடைய தந்தை, அதாவது என் மாமனாரின் தந்தை, ஒரு பெரிய பண்ணையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பையன்களுக்கு எண்சுவடி சொல்லிக்கொடுப்பாராம். பெண் குழந்தைக்குத் திண்ணையில் இடமில்லை. ரேழிக் கதவின் உட்புறம் உட்கார்ந்து பூத்தொடுத்தபடியே அத்தைப்பாட்டி அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறார். சித்தி கால், அரை, முக்கால் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஊஞ்சலில் கண்மூடிப் படுத்திருந்தவர், ‘அரைக்காலை விட்டுட்டியே’ என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று.

ஏழாம் வகுப்புப் பையன் இதைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப் பார்த்தான். மாவையும் காணியையும் கூட்டினால் எண்பதில் ஐந்து. சுருக்கினால் பதினாறில் ஒன்று. ‘மா, காணி, மாகாணி! பேர்லயே கூட்டல் இருக்கு!’ என்று அவன் கத்தியதில் அடுக்களையிலிருந்து எல்லாரும் ஓடிவந்துவிட்டோம். எம்.ஏ. படித்து இருபது ஆண்டு தமிழ் நடத்திய எனக்கும் அந்தக் கூட்டல் புதிது. அத்தைப்பாட்டி மட்டும் அசையவில்லை. ‘அதுக்குத்தானேடா அந்தப் பேரு’ என்றார்.

அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. குறுவைக்கு உரிய நாளில் தண்ணீர் திறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வாய்க்காலுக்கு நீர் வந்து சேர்ந்தபோது மூத்தார் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. எங்கள் வயல் பன்னிரண்டு மா. இது எத்தனை ஏக்கர் என்பது அன்றைய வீட்டுப்பாடம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதை வைத்துக்கொண்டு மூன்று பேர் அரை நாள் போராடி விடை கொண்டுவந்தார்கள்: நான்கு ஏக்கருக்குச் சரியாகப் பத்துக் குழி குறைவு. மூத்தார் அதை நம்பாமல் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதன்பின் ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுவரை படித்தவர்களுக்கு, வீடே நல்ல பள்ளி என்று நான் சொல்ல வருவதாகத் தோன்றலாம். பெரிய குடும்பத்தில் கல்விக்கு ஒரு வசதி இருப்பது உண்மை. அங்கே எல்லா வயதும் இருக்கிறது. சித்தி ஒருவரால் ஏழு வகுப்புகளை ஒரே நேரத்தில் நடத்த முடியாது. எட்டாம் வகுப்பு மூன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தரும். மூன்றாம் வகுப்பு மழலையருக்குக் கைபிடித்து எழுதவைக்கும். நம் திண்ணைப் பள்ளிகள் இப்படித்தான் நடந்தன. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களைப் படிக்கவைப்பான். சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். அவருடைய உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே ஆசிரியனாக்கி, சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லவைத்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1797இல் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது அந்த நாட்டில் பரவியது.

அம்முறை அங்கே அத்தனை வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம், அது மலிவானது. ஒரே ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துவிடும். சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. அவன் கற்பிக்கும் நேரத்தில் அவன் என்ன கற்கிறான் என்பதும் கணக்கில் வராது. எங்கள் கூடத்துப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

சித்தியின் நாள் ஐந்து மணிக்குத் தொடங்கும். பதினேழு பேருக்கு இட்லி என்றால் ஒரு வேளைக்கு எண்பதுக்குக் குறையாது. வேலைக்கு வருகிற அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. சம்பளம் மட்டும் மாதாமாதம் கொடுத்தோம். பாத்திரம், துணி, மாடு, முதியவர்களுக்குக் கபசுரக் குடிநீர், மருந்து, மூன்று வேளைச் சமையல். இவற்றுக்கு இடையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி. மூத்த ஓரகத்தியும் நாத்தனாரும் அந்த மூன்று மணி நேர அடுக்களை வேலையைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டதால்தான் அது நடந்தது. ஆண்கள் மூவரும் ஊரடங்கில் வீட்டில் இருந்தார்கள். காய் நறுக்கக் கற்றுக்கொண்டார்கள். அதை அவர்கள் உதவி என்றார்கள். பெண்கள் செய்வதற்கு எங்கள் வீட்டில் பெயர் எதுவும் கிடையாது.

மச்சில், நெல் மூட்டைகளுக்கு நடுவே, அலைவரிசை ஓரளவு கிடைக்கும் மூலையில் என் வகுப்பு. அகப்பாடல்களில் செவிலி கூற்றை நடத்திக்கொண்டிருந்தேன். பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தலைவிக்குச் சோறூட்டியவள், கதை சொன்னவள், அவள் உடன்போக்குச் சென்றபின் வழியெல்லாம் தேடிப் போகிறவள். மரபு அவளுக்குப் பேசும் உரிமையைக் கொடுத்தது, பெயர் கொடுக்கவில்லை. அகப்பாடலில் யாருக்குமே பெயர் சுட்டுவதில்லை என்பது இலக்கணம். அந்த இலக்கணத்தை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் கீழேயிருந்து தட்டில் கரண்டி அடிக்கும் ஓசை மேலே வரும். தொடர்ந்து மிக்சி ஓடும் ஓசை. ஒரே ஆள்தான் இரண்டுக்கும்.

2020 ஆவணியில் அந்தப் பேச்சு வந்தது. மூத்த ஓரகத்தியின் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். நல்ல இடம், பையன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான், திரும்பிப் போவதற்குள் முடிக்க வேண்டுமாம். ‘அம்பது பேருக்கு மேல கூடாதுன்னு சட்டமே இருக்கு. பந்தல் இல்ல, பத்திரிகை இல்ல. இந்த மாதிரி நேரம் இனி வாய்க்காது. ஆபீசருங்க எல்லாம் கொரோனா வேலையில அலையுறாங்க. யாரு வந்து வயசு கேக்கப் போறா?’ அந்த ஜூலையில்தான் எங்கள் பெண்ணுக்குப் பதினாறு முடிந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து, புத்தகங்கள் வாங்கி, பள்ளிக்கு ஒருநாள்கூடப் போகாமல் இருந்தாள்.

எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கடை மூடிக் கிடந்தது. திருப்பூர் மாப்பிள்ளைக்கு வேலையில்லை. என் சம்பளத்திலும் வீட்டு நெல்லிலும் குடும்பம் நடந்தது. ஒரு கல்யாணச் செலவு பாதிக்குப் பாதி குறையும் என்றால் காது கேட்கத்தான் செய்யும். மூத்தார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ‘கேட்டுப் பாக்குறதுல என்ன?’ என்றார் மாமியார். நான் சட்டத்தைச் சொன்னேன். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு ஆகாமல் திருமணம் செய்தால் செய்துவைத்தவர்களுக்குச் சிறை என்றேன். 1098க்கு யார் வேண்டுமானாலும் அழைத்துச் சொல்லலாம் என்றேன். கூடத்தில் அமைதி நிலவியது. படித்தவள் மிரட்டுகிறாள் என்பதுபோன்ற அமைதி.

அதை உடைத்தவர் அத்தைப்பாட்டி. ஊஞ்சலில் இருந்தபடி, யாரையும் பார்க்காமல் பேசினார். ‘எனக்குப் பதினாலு வயசு. அந்த வருஷம் விளைச்சல் இல்ல. செலவில்லாம முடியுதேன்னு முடிச்சாங்க. இருபத்திரண்டு வயசுல திரும்பி வந்துட்டேன். முந்திரி வரைக்கும் கணக்கு தெரியும் எனக்கு. அறுவது வருஷமா இந்த வீட்டுல எனக்குக் கெடைச்ச கணக்கு பால் கணக்கு ஒண்ணுதான்.’

அவ்வளவுதான். அதன்பின் அவரும் எதுவும் சொல்லவில்லை. மூத்தார் எழுந்து வயலுக்குப் போனார். இரவு அவர் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து, படிப்பு முடியட்டும் என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது.

பேச்சு நின்றாலும் அந்தப் பெண்ணின் நிலை மாறவில்லை. ஏழு பிள்ளைகளில் மூத்தவள், பெண். சட்டாம்பிள்ளை வேலையும் அவளுக்கு, அடுக்களையில் எடுபிடியும் அவளுக்கு. இயற்பியல் புத்தகத்தைப் பிரிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் கூப்பிடுவார். அடுத்த வாரம் சித்தி ஒரு காரியம் செய்தார். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் புதிய கால அட்டவணை எழுதி, கூடத்துத் தூணில் ஒட்டினார். விடிகாலை நாலரை முதல் ஆறரை வரை பதினொன்றாம் வகுப்பு. அந்த நேரத்தில் நான்கு திறன்பேசிகளும் ஓய்வில் இருக்கும், அலைவரிசையும் நன்றாகக் கிடைக்கும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவள் பெயர் சின்னவர்களின் வகுப்பில் இல்லை; அந்த மணிகளில் அவளை அடுக்களைக்கும் கூப்பிடக் கூடாது என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது. மாமியார் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கள் வீட்டில் அது ஒப்புதல் என்று பொருள்.

நாலரை மணி வகுப்புக்கு ஆசிரியர் யார் என்று அட்டவணையில் இல்லை. சித்திதான் உடன் உட்கார்ந்தார். அவர் படித்தது பழைய பாடத்திட்டம். 2018இல் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய நூல்கள் வந்துவிட்டன. எனவே அவரும் புதிதாகப் படித்தார். திசையன்களும் வகைநுண்கணிதமும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே திறந்தன. தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது கூடத்தில் ஒரு சிறு விளக்கின் அடியில் இரண்டு தலைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலையை என் கணவரும் கொழுந்தனாரும் ஆளுக்கொரு நாளாக எடுத்துக்கொண்டார்கள். முதல் மாதம் இட்லி கல்லாக வந்தது. சாப்பிட்டோம்.

2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று ஒன்பது, பதினொன்றும் திறந்தன. எங்கள் பெண் சீருடை குட்டையாகிப் போனதைப் பொருட்படுத்தாமல் போனாள். மார்ச் 22 அன்று மறுபடி மூடினார்கள். இரண்டாம் அலை வந்தது. அந்த மே மாதத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. தெருவில் இரண்டு வீடுகளில் சாவு. எங்கள் வீட்டில் அத்தைப்பாட்டி ஒரு நண்பகல் உறக்கத்திலேயே போய்விட்டார். நோய் அல்ல, முதுமைதான். அவரைக் கூடத்தில் கிடத்தினோம். உறவினர் யாரும் வர இயலவில்லை. ஏழு பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையனின் நோட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதிய கீழ்வாயிலக்கம் நான்கு பக்கம் இருந்தது. அது இன்றும் இருக்கிறது.

2021 செப்டம்பர் 1 அன்று மேல்வகுப்புகளும், நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் திறந்தன. அன்றுதான் சித்தியின் மகன் முதன்முறையாக ‘பெரிய’ பள்ளிக்குப் போகிறான்; நேராக இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முழுவதும் அவனுக்குக் கூடத்தில் முடிந்திருந்தது. முதல் வாரம் நாள்தோறும் அழுதான். அவனுக்கு எழுத்து தெரிந்தது, கூட்டல் தெரிந்தது. தன் முறை வரும்வரை காத்திருக்க, தன் வயதுடைய முப்பது பேருக்கு நடுவே உட்கார, முன்பின் தெரியாதவரிடம் சந்தேகம் கேட்கத் தெரியவில்லை. கூடத்தில் எல்லாரும் உறவு. நாத்தனார் மகன் திருப்பூர் திரும்பியதும் ஆங்கிலத்தில் பின்தங்கினான். அதை ஈடுகட்ட ஓர் ஆண்டு பிடித்தது. இது எங்கள் வீட்டின் கதை மட்டுமல்ல. ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் குழந்தைகளின் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்று ஓர் இயக்கத்தையே அரசு தொடங்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். வீடு கற்பிக்கும். மாகாணியை எந்தப் பள்ளியும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்காது. ஆனால் வீட்டில் கற்பிக்கிறவருக்கு ஒரு நாள் எங்கே முடிகிறது என்று சொல்ல யாரும் இல்லை. பள்ளியில் மணி அடித்தால் ஆசிரியர் வீட்டுக்குப் போகலாம். அவருடைய உழைப்புக்கு ஊதியம் உண்டு, விடுப்பு உண்டு, பெயர் உண்டு. பதினாறு வயதுப் பெண்ணுக்கோ காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கரை வரை யாரும் கூப்பிட முடியாத ஓர் இடம் உண்டு. அந்த மதிற்சுவர் அடைத்துவைப்பதற்காக என்றுதான் நான் மாணவியாக இருந்த நாளில் நினைத்திருந்தேன். அது வெளியில் உள்ளவற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்கும்தான் என்பது, பள்ளி இல்லாத அந்த ஒன்றரை ஆண்டில் தெரிந்தது.

2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், அதிகம் போனால் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். விண்ணப்பத்தை என் திறன்பேசியில் நிரப்பினோம். சான்றிதழைத் தேடி எடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். கீழத்தெருப் பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மாமியார் முதல் இரண்டு நாள் முகம் சுளித்தார். மூன்றாம் நாள் எல்லாருக்கும் சுண்டல் அவித்தார்.

மூத்தார் மகள் 2022இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கணிதம் எடுத்தாள். 2025இல் இளநிலைப் பட்டம் பெற்றாள். சித்தி தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு பி.எட். படிக்க விண்ணப்பித்திருக்கிறார். முதல் மாதத்து ஆயிரம் ரூபாயில் அவர் வாங்கியது ஒரு கைம்மணி. திண்ணை வகுப்பு முடியும்போது அதைத்தான் அடிப்பார். எவர்சில்வர் தட்டு நடுவில் நசுங்கிய நிலையில் இன்னும் அடுக்களையில் இருக்கிறது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை, யாரும் அதைப் பழைய சாமானில் போடுவதும் இல்லை.